அண்டாக்குண்டின் அடிமண்

பார்வதத்தின் கை உள்ளே போகவில்லை.

நேற்றுவரை தோள்மட்டம் போய்வந்த கை. பாறைக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்து, இரும்புச் சட்டுவத்தை நீட்டிச் சுரண்டினால் மண் பொலபொலவென்று கூடையில் விழும். இன்று முழங்கையைத் தாண்டும்முன் ஏதோ தடுத்தது. மழையில் மண் சரிந்து பொந்தை அடைத்திருக்கும் என்று நினைத்து விரலால் நிமிண்டிப் பார்த்தாள். விரலில் பட்டது சில்லென்ற கல். மேலே இருக்க வேண்டிய கல்.

பொந்து தூர்ந்துபோகவில்லை. பாறை கீழே இறங்கியிருக்கிறது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே கிடந்தாள். காதருகே, யாரும் தொடாமலே, பரல் மண் சரசரவென்று உதிர்ந்துகொண்டிருந்தது, ரவை மூட்டையில் ஓட்டை விழுந்தாற்போல. நின்றது. மறுபடியும் உதிர்ந்தது.

ஆந்திர ராஜ்யம் பிறந்து மூன்றாவது ஆடி அது. மறுநாள் கிருத்திகை. மூன்று நாளாக இடியும் மழையுமாகக் கொட்டிவிட்டு, அன்று காலையில்தான் வானம் வெளிவாங்கியிருந்தது. முருகன் கோயில் பொய்கைக் கரையிலும் படிக்கட்டிலும் காவடிக் கூட்டம் நெரிந்தது. அரோகரா சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஏழு ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஏழூரார் மடத்துக்குப் பின்னால், மலைச்சரிவில், தென்னைமர உயரத்தில் உட்கார்ந்திருந்தது அந்தப் பாறை. கவிழ்த்த அண்டா மாதிரி உருண்டையாக, இரண்டு கூண்டு வண்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவைத்த அளவு. அதனால் அண்டாக்குண்டு என்று பெயர். அதற்கு நேர் கீழே சமதரை. மத்தியானம் திரும்பிவிட்டால் பாறையின் நிழல் அந்தத் தரை முழுக்கப் பாய் விரித்துவிடும். ஆர்.கே.பேட்டை நெசவுக்காரர்கள் வருஷா வருஷம் காவடியோடு வந்து இறங்குவது அந்த நிழலில்தான். பார்வதம் பாறை ஓரமாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். நாற்பது பேர் இருப்பார்கள். தூளியில் ஒரு குழந்தை ஆடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு புஷ்பக் காவடிகள் வரிசையாக நின்றன.

மடத்து அடுப்பு அவள் கணவன் சேஷகிரியின் வம்சத்துக்குச் சொந்தம். நாலு தலைமுறையாக யாத்ரிகர்களுக்கு அவர்கள்தான் சமைக்கிறார்கள். சுவாமி பிரசாதம் பொங்கும் வெண்கலப் பானையைச் செங்கல் பொடியால் தேய்க்கக் கூடாது, அது யாரோ சுட்ட சூளையிலிருந்து வருவது. சாம்பலும் கூடாது, எந்த எச்சில் விறகு எரிந்ததோ. மலை கொடுத்த மண்ணுக்குத்தான் தீட்டில்லை. இது மாமியாரின் மாமியாருக்கு மாமியார் வைத்த சட்டம். அதனால் அந்த வீட்டுப் பெண்கள் தினம் ஒரு கூடை, திருவிழா என்றால் மூன்று கூடை, அண்டாக்குண்டின் அடியிலிருந்து துலக்குமண் எடுத்துவந்தார்கள். புளியும் அந்த மண்ணும் சேர்ந்தால் பாத்திரம் பொன்னாக மின்னும்.

பங்குனி மாசம் ராஜகோபால் என்ற சர்க்கார் ஆள் ஒருவன் வந்தான். பூகர்ப்ப இலாகா. கையில் சுத்தி, காலில் பூட்ஸ். நகரிப் பக்கமிருந்து ஒவ்வொரு பாறையாகத் தட்டிக்கொண்டே வந்தவன், அவள் பாதி உடம்பு பாறைக்குள் இருக்கக் கண்டு பதறிப்போனான்.

“மாமி, வெளியில வாங்க. அங்க என்ன பண்றீங்க?”

“பானை தேய்க்க மண் எடுக்கறேன். நீ முதல்ல செருப்பைக் கழட்டு. இது மலை.”

அவன் நிஜமாகவே கழற்றினான். அதனால்தான் அவன் சொன்னதை அவள் காதுகொடுத்துக் கேட்டாள். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினான். மாவு மாதிரி ஒரு பகுதி காற்றோடு போயிற்று. பளிங்குப் பரல்கள் மட்டும் மிஞ்சின.

“இந்தக் குண்டை யார் கொண்டுவந்து வச்சதுன்னு நினைக்கறீங்க?”

“பகவான்.”

“சரி, ஆனா கொண்டுவரலை. இது எங்கயும் போகவும் இல்லை, வரவும் இல்லை. இதைச் சுத்தி இருந்த மலைதான் போயிடுச்சு.”

மலை முழுக்க ஒரு காலத்தில் ஒரே கட்டியான கல்லாக மண்ணுக்கடியில் இருந்ததாம். அதில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல். விரிசல் வழியே தண்ணீர் இறங்கி, லட்சக்கணக்கான வருஷம் கல்லை ஊறவைத்ததாம். ஊறின கல்லின் முனைகள் முதலில் மக்கிப் பொடியாயின. நடுவிலிருந்த கெட்டிப் பகுதி உருண்டையாக நின்றது. மேல்மண்ணை மழை அடித்துக்கொண்டு போக, உருண்டைகள் வெளியே வந்தன. நகரி மலையின் தலையில் இருக்கும் கல்லே பழைய கடலடி மணல் இறுகினது என்றும், அந்தக் கடல் வருவதற்கு முன்னாலேயே இந்தக் கல் இங்கே இருந்தது என்றும் அவன் வடக்கே கைகாட்டிச் சொன்னபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“நீங்க எடுக்கறது அந்த மக்கின கல்லு. குண்டு உட்கார்ந்திருக்கற மெத்தை. எத்தனை வருஷமா எடுக்கறீங்க?”

“நாலு தலைமுறையா.”

“மழை லட்சம் வருஷத்துல செய்யற வேலையை நாலு பொம்பளைங்க ஒரு சட்டுவத்தை வச்சு முடிச்சிட்டீங்க” என்றான். அதோடு விடவில்லை. மடத்து நிர்வாகத்தைப் பார்க்கும் மணியம் கஜபதியிடம் போய்ச் சொல்லிவிட்டான். கஜபதி அன்றைக்கே உத்தரவு போட்டார். இனி அங்கே மண்ணெடுத்தால் அடுப்பைவிட்டு இறங்க வேண்டியதுதான்.

ஒரு மாசம் அவள் எடுக்கவில்லை. பானைகள் கறுத்தன. பிறகு, எல்லோரும் தூங்கும் மத்தியான வேளையில், மேல்பக்கமாக ஏறி எடுக்க ஆரம்பித்தாள். சேஷகிரிக்குத் தெரியும். கேட்கவில்லை.

இப்போது பார்வதம் கூடையை அங்கேயே போட்டுவிட்டுச் சரிவில் இறங்கினாள். ஓடினால் பாறை கேட்டுவிடும் என்பதுபோலக் காலை மெல்ல மெல்ல வைத்தாள். மடைப்பள்ளியில் சேஷகிரி பருப்பு அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“ஏன்னா, குண்டு இறங்கியிருக்கு. என் கை உள்ளே போகலை.”

அவன் துடுப்பை நிறுத்தவில்லை. “மழைக்கு மண்ணு ஊதியிருக்கும்.”

“கல்லைத் தொட்டுப் பார்த்தேன். நேத்திக்குத் தோள்மட்டம் போச்சு. இன்னிக்கு முழங்கை தாண்டலை. மண்ணு தானா உதிர்றது. கீழே நாப்பது பேர் இருக்கா.”

துடுப்பு நின்றது. சேஷகிரி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “போய்ச் சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பா. என்ன சொல்லுவே?”

“நிஜத்தைச் சொல்லுவேன்.”

“சொல்லிட்டு எங்கே போறதா உத்தேசம்? நாளைக்குக் கிருத்திகை. கஜபதி இன்னிக்கே வெளியே தள்ளுவார். நாலு தலைமுறை அடுப்புடி. எங்கப்பா செத்த அன்னிக்குக்கூட இது அணையலை.”

“பேசாம இருந்தா?”

“ஒண்ணும் ஆகாது. கடலுக்கு முன்னாடியே இருந்த கல்லுன்னு அந்தப் பிள்ளையாண்டான் சொன்னான் இல்லையா? இன்னிக்கு மத்தியானம் பார்த்தா விழப்போறது?”

சொல்லிவிட்டுப் பாறை இருக்கும் பக்கம் பார்த்தான். தான் சொன்னதை அவனே நம்பவில்லை. அவள் பின்வாசல் வழியே வெளியேறினாள்.

நிழலில் ஈரப் புடவைகள் உலர்ந்துகொண்டிருந்தன. காவடி வரிசைக்குக் காவலாகப் பெரியவர் ஒருவர் குச்சியோடு உட்கார்ந்து, பூவைப் பிய்க்க வரும் குரங்குகளை விரட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் கோஷ்டித் தலைவர் பஞ்சாட்சர முதலியார். காவடி எடுக்கும் மற்ற ஆண்கள் எல்லாம் பொய்கையில் குளிக்கப் போயிருந்தார்கள்.

“முதலியாரே, எல்லாரையும் கூட்டிண்டு கிணத்துப் பக்கம் போயிடுங்கோ. மேலே பாறை நகர்றது.”

முதலியார் அண்ணாந்து பார்த்தார். “நகருதா? எங்க போவுதாம், சந்தைக்கா?”

பெண்கள் சிரித்தார்கள்.

“விளையாட்டில்லை. தயவுபண்ணி எழுந்திருங்கோ.”

“அய்யரம்மா, போன வருசம் பொகை வருது, அடுப்ப அணைன்னு ஆள் அனுப்புனீங்க. அதுக்கு முந்தின வருசம் எலைய இங்க போடாத, அங்க போடாதன்னீங்க. இந்த வருசம் பாறைய அனுப்பிச்சிருக்கீங்க. எந்த ஊர்க்காரனுக்கு இந்த நெழல பேசி வெச்சிருக்கீங்க, அத்த சொல்லுங்க மொதல்ல.”

“சத்தியமா யாருக்கும் இல்லை.”

“எங்க தாத்தா நாள்லருந்து இங்கதான் எறங்கறோம். அப்ப நகராத கல்லு இன்னிக்கு உங்க கண்ணுக்கு மட்டும் நகருதா?”

தூளியை ஆட்டிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். முதலியாரின் மருமகள் கன்னியம்மாள். முப்பது வயசிருக்கும். அவள் சிரிக்கவில்லை.

“நகருதுன்னு உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?”

சேஷகிரி சொன்ன அதே கேள்வி. பார்வதம் திரும்பிப் பார்த்தாள். மடைப்பள்ளிப் பின்வாசலில் அவன் துடுப்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். தலையை லேசாக, வேண்டாம் என்பதுபோல் ஆட்டினான்.

“ஏன்னா அதுக்கடியில தோண்டினது நான்” என்றாள். “எங்காத்துப் பொம்மனாட்டிகள் நாலு தலைமுறையாத் தோண்டறா. பானை தேய்க்க. மணியம் கூடாதுன்னு சொன்னப்புறமும் திருட்டுத்தனமாத் தோண்டினேன். நேத்திக்குத் தோள்வரை போன கை இன்னிக்கு முழங்கையோட நிக்கறது. வேணும்னா வந்து பாரு.”

சிரிப்பு அடங்கிவிட்டது. முதலியார் குச்சியைக் கீழே வைத்தார்.

கன்னியம்மாள் அவளோடு மேலே ஏறினாள். பொந்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பாறையின்மேல் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பரல் உதிரும் சத்தம் இப்போது நிற்கவே இல்லை. சிறிது நேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

“தறியில பாவு நூலு முறுக்கேறி அறுந்து போறதுக்கு முன்ன, தொட்டா வெரல்ல ஒரு அதிர்வு வரும். அப்பிடி இருக்குதுங்க.”

இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். கன்னியம்மாள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. தூளியிலிருந்து குழந்தையை எடுத்துப் பக்கத்துப் பெண்ணின் இடுப்பில் வைத்தாள். “கெணத்தாண்ட போங்க. எல்லாரும். மூட்டைய விடுங்க, புள்ளைங்கள எடுங்க.” பிறகு காவடி வரிசைக்குப் போய்த் தன் புருஷன் வேதாசலத்தின் காவடியைத் தூக்கினாள்.

முதலியார் துள்ளி எழப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. “ஏய், வெய்யி கீழ. கற்பூரம் காட்டி எறக்கின காவடி. எடுத்தவன் குளிச்சிட்டு வந்து ஈரத்துணியோட தூக்கணும். பொம்பள தொட்டா விரதம் போச்சு. வேதாசலம் வந்து கேட்டா இன்னா சொல்லுவ?”

“வந்து கேக்கட்டும் மாமா. பதில் சொல்றதுக்கு நான் இருக்கணும் இல்ல?”

அவள் நடந்தாள். மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் அண்ணனுடையதை எடுத்தாள். இன்னொருத்தி எடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் சமதரை காலியாயிற்று. உலர்ந்த புடவைகள், அடுப்புக் கற்கள், ஒரு காவடி, ஒரு கிழவர்.

மிஞ்சியது முதலியாருடைய காவடி. பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். எடுக்க உரிமையுள்ள ஆள் அவர் ஒருவர்தான். அவர் எழுந்திருக்கவில்லை.

“வாங்கோ முதலியாரே.”

“கோஷ்டி எழாம தலைவன் காவடி எழாது. இருவத்தேழு வருசம் ஒரு தப்பு வந்ததில்ல. நீங்க போங்க அய்யரம்மா. கல்லு வந்தா நானும் முருகனும் பாத்துக்கறோம்.”

மேலே ஏதோ நெரிந்தது. கூழாங்கல் ஒன்று துள்ளித் துள்ளி வந்து, அவர்களுக்கு நாலடி தள்ளி நின்றது. கிணற்றடியிலிருந்து கன்னியம்மாள் “மாமா” என்று கூப்பிட்ட குரல் உடைந்தது.

பார்வதம் அண்ணாந்து பார்த்தாள். பாறைக்கும் சரிவுக்கும் நடுவே இதுவரை இல்லாத ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது. அவள் போய் முதலியாருக்கு எதிரில், தரையில், சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னா பண்றீங்க?”

“தோண்டினது நான். நீங்க இங்க இருந்தா நானும் இங்கதான்.”

“எழுந்து போங்கன்னா.”

“நீங்க எழுந்தா நான் எழுந்துக்கறேன்.”

முதலியார் அவளை முறைத்தார். அவள் முதுகு முழுவதும் வியர்வை வழிந்தது. பின்புறம் பாறை. அது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவர் கண்ணில்தான் தெரிந்தது. அவர் பார்வை அவள் தலைக்குமேல் போயிற்று, அங்கேயே நின்றது, பிறகு மெதுவாகக் கொஞ்சம் கீழே இறங்கியது.

“நீ ரொம்ப மோசமான பொம்பள” என்றார் முதலியார். “ஒரு அய்யரம்மாவோட சேந்து செத்தான் பஞ்சாட்சரம்னு பேட்டையில நாக்கு மேல பல்லு போட்டுப் பேசுவானுங்க. என் பேரப்பசங்களுக்குப் பொண்ணு கெடைக்காது. கைய குடு. கால் மரத்துப்போச்சு.”

அவள் யாரையும் தொடக் கூடாத மடிப்புடவையில் இருந்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் வேற்று ஆளின் கை அவள்மேல் பட்டதில்லை. குனிந்து அவர் அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கினாள். முதலியார் ஒரு கையைக் காவடிப் பக்கம் நீட்டினார். எட்டவில்லை. அவள் நிற்கவில்லை. இழுத்துக்கொண்டு நடந்தாள். பத்தடி. இருபதடி. அவர் கால் தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தது.

அம்மிக்கல்லைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் வருமே, அந்தச் சத்தம் முதலில் வந்தது. பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லை. குரங்குகள்கூடக் கத்தவில்லை. அப்புறம் தரை உள்ளங்காலை அறைந்தது. இரண்டு பேரும் விழுந்தார்கள். முதுகின்மேல் மண்ணும் சருகும் கொட்டின.

நிமிர்ந்தபோது எங்கும் புழுதி. அது அடங்க அடங்கத் தெரிந்தது. அண்டாக்குண்டு சமதரையின் நடுவே, ஈர மண்ணில் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தது. அடிபட்ட பக்கத்தில் வெங்காயத் தோல் மாதிரி பெரிய பெரிய சில்லுகள் உரிந்து கிடந்தன. சரிவின் மேலே, அது இருந்த இடத்தில், செம்மஞ்சளாக ஒரு பள்ளம். அதிலிருந்து தண்ணீர் கசிந்து வழிந்தது. முதலியாரின் காவடி இருந்த இடம் பாறைக்கு அடியில் எங்கேயோ இருந்தது.

கன்னியம்மாள் ஓடிவந்து மாமனாரைப் பிடித்துக்கொண்டாள். “காவடி போச்சே மாமா.”

“முருகனுக்குத் தெரியும்” என்றார் முதலியார்.

பொய்கையிலிருந்து ஆண்கள் ஈரத்துணியோடு ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கஜபதி வந்தார். பாறையைப் பார்த்தார். கிணற்றடிக் கூட்டத்தைப் பார்த்தார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், முகத்தில் பயம் போய்க் கோபம் வந்தது.

“யாரு தோண்டினது?”

“நான்தான்” என்றாள் பார்வதம்.

“சொல்லியிருந்தேனே.”

“ஆமாம். சொல்லியிருந்தேள்.”

கஜபதி சேஷகிரியின் பக்கம் கையை நீட்டினார். சேஷகிரி இடுப்பிலிருந்து மடைப்பள்ளிச் சாவியை அவிழ்த்துக் கொடுத்தான்.

“இருங்க” என்றார் முதலியார். கன்னியம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “தோண்டினது தப்புதான். அதுக்குச் சாவிய வாங்கிட்டீங்க. சரி. வந்து சொன்னாங்களே, அதுக்கு இன்னா குடுக்கப் போறீங்க?”

கஜபதி கையிலிருந்த சாவியைப் பார்த்தார். ராத்திரிப் பந்திக்கு ஐந்நூறு இலை. நாளைக்கு ஆயிரம். இந்த நேரத்தில் வேறு சமையல்காரனை எங்கே தேடுவது என்ற யோசனையும் அவர் முகத்தில் ஓடியது.

“கிருத்திகை முடியட்டும். ஏழு ஊர்க்காரங்களும் உட்கார்ந்து பேசட்டும்” என்றார் கடைசியில். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “கதவைப் பூட்ட வேண்டாம். அடுப்பு எரியட்டும்.”

மடைப்பள்ளிக்குள் தீய்ந்த வாசனை வந்துகொண்டிருந்தது. பார்வதம் கிணற்றில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, ஈரப்புடவையோடு விறகை வெளியே இழுத்துத் தணலைக் குறைத்தாள். சேஷகிரி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றான். துடுப்பை இன்னும் கீழே வைக்கவில்லை. அண்டாவைப் பார்த்தபடியே சொன்னான்.

“நீ அங்கே உக்காந்திண்டிருந்தப்போ, வரணும்னுதான் நினைச்சேன். வாசப்படியைத் தாண்டலை. கால் வரலைடி.”

“பார்த்தேன்” என்றாள் பார்வதம்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அடியைத் தொடாம, மேலாக் கிளறுங்கோ. தீய்ஞ்சது கீழேயே கிடக்கட்டும். மேலே இருக்கறதைக் காப்பாத்திடலாம்.”

அவன் கிளற ஆரம்பித்தான்.